நச்சுப் புகைக்குச் சாட்சி தேடும் செலவு யாருடையது?



பத்திரிகைகளின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் இடையிடையே ஒரு சிறிய செய்தி வருவதுண்டு. இரசாயன ஆயுத விசாரணைக்காக இன்ன நாடு இத்தனை இலட்சம் யூரோ உதவி வழங்கியது என்று நாலு வரியில் அது முடிந்துவிடும். நம்மிற் பலர் அதைக் கவனியாமலே அடுத்த பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். கவனித்து வாசிப்பவருக்கோ ஒரு சந்தேகம் எழாமல் இராது. நச்சு வாயுவை மனிதர் மேல் ஏவுவது உலகம் முழுவதும் தடை செய்யப்பட்ட குற்றம். அந்தக் குற்றத்தை விசாரிப்பதற்கு யாரோ ஒரு நாடு நன்கொடை கொடுக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? கொடுக்கும் நாடு எதை எதிர்பார்த்துக் கொடுக்கிறது? அந்தப் பணத்தில் நடக்கும் விசாரணையை மற்றவர்கள் நம்பலாமா? இந்த வாரம் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். நமது ஊரில் ஒருவர் சந்தேகத்துக்கிடமான முறையில் இறந்துவிட்டால் மரண விசாரணை அதிகாரி வருகிறார். வைத்தியசாலையில் பிரேத பரிசோதனை நடைபெறுகிறது. இரத்தமும் இரைப்பையில் இருந்தவையும் போத்தல்களில் இடப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பப்படுகின்றன. இவ்வளவுக்கும் ஆகும் செலவை யார் கொடுப்பது? இறந்தவருடைய மனைவியிடம் எவரும் காசு கேட்பதில்லை. அயல்வீட்டுக்காரரிடமும் கேட்பதில்லை. பொதுத் திறைசேரி கொடுக்கிறது. ஆகவே அந்த அறிக்கை யாருக்கும் சார்பாக எழுதப்பட்டது என்று இலேசில் சொல்லிவிட முடியாது.

நாடுகளுக்கிடையே அப்படிப்பட்ட ஒரு பொதுத் திறைசேரி இல்லை. எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

தடயமே இல்லாமற் போகும் ஆயுதம்

துப்பாக்கிச் சன்னம் பல ஆண்டுகள் மண்ணுக்குள் கிடக்கும். நச்சு வாயு அப்படியல்ல. சாரின் என்னும் நரம்பு நஞ்சை எடுத்துக்கொள்வோம். நமது தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற சில கிருமிநாசினிகளுக்கு இது நெருங்கிய இனம். கிருமிநாசினி குடித்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனவர்களுக்கு அதன் அடையாளங்கள் தெரிந்திருக்கும். கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும். வாயிலிருந்து நுரை தள்ளும். மூச்சுத் திணறும். வைத்தியர் அத்ரோபின் ஊசி போடுவார். சாரின் இதே வேலையைப் பன்மடங்கு வேகமாகச் செய்கிறது. செய்து முடித்ததும் காற்றிலும் ஈரத்திலும் தானாகவே சிதைந்து போகிறது.

ஆனால் சிதைந்த பின்னரும் சில எச்சங்கள் மண்ணிலே தங்கியிருக்கும். பாதிக்கப்பட்டவரின் இரத்தத்திலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டும் சில வாரங்கள் இருக்கும். அந்தக் காலத்துக்குள் போய் எடுத்தால் உண்டு. பிந்தினால் இல்லை.

குளோரின் இன்னும் சிரமமானது. கிணற்று நீரைச் சுத்தம் செய்யப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போடும் தூளிலும் அதுதான் இருக்கிறது. ஆகவே ஓரிடத்திற் குளோரின் இருந்தது என்று காட்டுவதால் மட்டும் ஒன்றும் நிரூபணமாகிவிடாது. விஞ்ஞானிகள் வேறு வழி தேடினார்கள். பைன் மரத்தில் இயற்கையாகவுள்ள பிசின் பொருட்கள் அடர்ந்த குளோரின் வாயுவோடு சேர்ந்தால், சாதாரணமாக அம்மரத்திற் காணப்படாத புதிய சேர்வைகள் உண்டாகின்றன. சம்பவம் நடந்த வீட்டின் மரத்துண்டுகளில் அவற்றைத் தேடுகிறார்கள். ஒரு மரச்சட்டம் சாட்சி சொல்ல வருகிறது என்றால் நம்புவீர்களா? சிரியாவின் தூமா நகர் பற்றிய விசாரணையில் அதுவே நடந்தது.

இத்தகைய சான்று மலிவாகக் கிடைப்பதில்லை. குண்டு விழும் இடத்துக்குக் கவச வாகனத்தில் போக வேண்டும். பாதுகாப்பு உடை, மொழிபெயர்ப்பாளர், வைத்தியர், ஆயுத நிபுணர் எல்லாம் வேண்டும். எடுத்த ஒவ்வொரு மாதிரியும் யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நேரத்தில் மாறியது என்று எழுதப்பட வேண்டும். பின்னர் ஒரே மாதிரி பிரிக்கப்பட்டு வெவ்வேறு நாடுகளிலுள்ள குறைந்தது இரண்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பப்படுகிறது. சுவிற்சர்லாந்தின் ஸ்பீஸ், சுவீடனின் ஊமியோ, பின்லாந்தின் ஹெல்சிங்கி, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் இப்படிப்பட்ட ஆய்வுகூடங்கள் உள்ளன. அவற்றுக்கும் ஒழுங்காகப் பரீட்சை வைக்கப்படுகிறது. சித்தியடையாத ஆய்வுகூடம் தகுதியை இழக்கும். எந்தக் குப்பியில் உண்மையான மாதிரி இருக்கிறது, எதில் சோதனைக்காகக் கலந்து வைத்த பொருள் இருக்கிறது என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியாது.

வாக்குறுதி இருந்தது, பணப்பை இருக்கவில்லை

1915 ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகில் ஜேர்மன் படையினர் 150 தொன்னுக்கும் அதிகமான குளோரினைக் காற்றோடு திறந்துவிட்டார்கள். முதலாம் உலகப் போரில் இரு தரப்பாரும் பின்னர் இதைச் செய்தார்கள். அந்தக் கொடுமையின் நினைவோடு 1925 இல் ஜெனீவாவில் ஒரு சாசனம் கைச்சாத்தானது. போரில் நச்சு வாயுவைப் பாவிப்பதில்லை என்று நாடுகள் அதில் வாக்குக் கொடுத்தன. வாக்கை மீறினால் யார் போய்ப் பார்ப்பது, எந்தப் பணத்தில் போவது என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

விளைவு பத்து ஆண்டுகளில் தெரிந்தது. அச்சாசனத்தை ஏற்றிருந்த இத்தாலி 1935இன் இறுதியிலிருந்து எத்தியோப்பியா மீது கடுகு வாயுவை விமானங்களிலிருந்து பொழிந்தது. செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகள் தோல் வெந்துபோன மக்களைத் தம் கண்ணால் கண்டார்கள். எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹெயிலி செலாசி 1936 ஜூன் 30ஆம் திகதி ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நின்று முறையிட்டார். கேட்டுக்கொண்டிருந்த சபையிடம் அனுப்புவதற்கு ஒரு பரிசோதகர்கூட இருக்கவில்லை.

இதற்கு நேரெதிரான அனுபவம் ஒன்றும் உண்டு. 1981 செப்டெம்பரில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் அலெக்சாண்டர் ஹெய்க், லாவோஸ், கம்போடியா ஆகிய நாடுகளில் சோவியத் ஆதரவோடு ஒரு பூஞ்சண நஞ்சு தூவப்படுவதாகக் குற்றஞ் சாட்டினார். அகதிகள் அதை "மஞ்சள் மழை" என்றார்கள். இலைகளிற் படிந்திருந்த மஞ்சட் பொட்டுகளை அமெரிக்கர்கள் சேகரித்தார்கள். தாங்கள் தெரிந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். நஞ்சு இருக்கிறது என்று பதில் வந்தது. ஆனால் மற்ற நாடுகளின் ஆய்வுகூடங்களால் அதை உறுதிப்படுத்த முடியவில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மத்தியூ மெசல்சனும் அவருடைய கூட்டாளிகளும் அந்தப் பொட்டுகளைச் சோதித்தபோது அவை பெரும்பாலும் மகரந்தமாக இருக்கக் கண்டார்கள். மலைத்தேனீக்கள் கூட்டமாகப் பறந்து மலங்கழித்த அடையாளமே அது என்பது அவர்கள் முடிவு! ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய நிபுணர் குழுவுக்கு லாவோசுக்குள் நுழைய அனுமதி கிடைக்கவில்லை. அகதி முகாம்களோடு அது திரும்பி வந்தது. உறுதியான முடிவு எதுவும் சொல்லவில்லை.

குற்றஞ் சாட்டுபவரே மாதிரியையும் எடுத்து, பரிசோதனைக்கும் பணம் கொடுத்தால், சொன்னது உண்மையாகவே இருந்தாலும் உலகம் சந்தேகிக்கும் என்பதற்கு இந்த மஞ்சள் மழையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே உண்மையில் துன்பப்பட்ட மக்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அவர்களுடைய நோய்க்குக் காரணம் என்ன என்பது அரசியற் சண்டையில் அமிழ்ந்து போயிற்று.

ஈராக்-ஈரான் போரில் நிலைமை சற்று மேலானது. 1984 மார்ச் மாதத்தில் ஐ. நா. செயலாளர் நாயகம் பெரெஸ் டி குவெய்யார் சுவீடன், ஸ்பெயின், அவுஸ்திரேலியா, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்த நான்கு நிபுணர்களை ஈரானுக்கு அனுப்பினார். கடுகு வாயுவும் டபுன் என்ற நரம்பு நஞ்சும் பாவிக்கப்பட்டன என்று அவர்கள் எழுதினார்கள். யார் பாவித்தார் என்று எழுதவில்லை. ஈராக்கின் பெயரைப் பாதுகாப்புச் சபை வாயால் உச்சரிப்பதற்கு 1986 வரை சென்றது. 1988 மார்ச் 16 இல் ஹலப்ஜா என்ற குர்திய நகரில் ஏறத்தாழ 5,000 பேர் ஒரே நாளில் மாண்டார்கள்.

ஆயினும் அந்தக் காலத்துச் சான்றுகள் வீண்போகவில்லை. ஈராக்குக்கு மூலப்பொருள் விற்ற ஒல்லாந்து வியாபாரி ஒருவருக்கு 2005 டிசெம்பரில் ஹேக் நகர நீதிமன்றம் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஹலப்ஜாவுக்கும் தீர்ப்புக்கும் இடையில் 17 ஆண்டுகள்! இவ்வளவு காலம் ஆவணங்களையும் மாதிரிகளையும் பழுதுபடாமல் வைத்திருப்பதும் ஒரு செலவுதான். அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வீடு தண்டும் முறை

1993 ஜனவரியில் பாரிஸ் நகரில் இரசாயன ஆயுத உடன்படிக்கை கையொப்பத்துக்குத் திறக்கப்பட்டது. 1997 ஏப்ரல் 29 இல் அது நடைமுறைக்கு வந்தது. இதை மேற்பார்வை செய்ய ஹேக் நகரில் ஒரு நிறுவனம் உருவானது. 193 நாடுகள் இதில் அங்கத்துவம் பெற்றுள்ளன. இலங்கை 1994 இலேயே உடன்படிக்கையை உறுதி செய்துவிட்டது. வத்திக்கான் 1999 இல் சேர்ந்தது. 2013இன் நோபல் சமாதானப் பரிசு இந்த நிறுவனத்துக்கே கிடைத்தது. நாடுகள் கையிருப்பில் உள்ளதாக அறிவித்த 72,000 தொன்னுக்கும் அதிகமான இரசாயன ஆயுதங்களில் கடைசிப் பகுதி 2023 ஜூலையில் அமெரிக்காவில் அழிக்கப்பட்டது.

பணம் எப்படி வருகிறது? உடன்படிக்கை இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. ஆயுதம் வைத்திருந்த நாடே அதை அழிக்கும் செலவையும், அழிப்பதைப் பார்வையிடும் செலவையும் ஏற்க வேண்டும். நிறுவனத்தின் பொதுச் செலவை எல்லா அங்கத்துவ நாடுகளும் ஐ. நா. சபையின் அளவுகோலை ஒட்டிப் பங்கிட வேண்டும். ஒரு நாட்டின் நிலுவை முந்திய இரண்டு முழு ஆண்டுச் சந்தாவை எட்டினால் அந்நாடு வாக்குரிமையை இழக்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அண்மைய ஆண்டுகளில் நிறுவனத்தின் வருடாந்த வரவு செலவுத் திட்டம் ஏறத்தாழ 8 கோடி யூரோ. அமெரிக்காவின் பங்கு 22 வீதம். ஐ. நா. அளவுகோலில் 2022 முதல் 2024 வரை இலங்கையின் பங்கு 0.045 வீதம். அப்படியானால் வருடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 36,000 யூரோ வந்தது. ஆகக் குறைந்த பங்கு 0.001 வீதம், அதாவது சுமார் 800 யூரோ. மொத்தமாகச் சேரும் 8 கோடியும் ஒரு புதிய போர் விமானத்தின் விலைக்குக் கிட்டத்தட்டச் சமம். உலகம் தன் மனச்சாட்சிக்காக ஒதுக்கும் தொகை அவ்வளவுதான்.

இந்த முறையின் நன்மையை நம் ஊர் வழக்கத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு காசு தண்டுவது ஒரு முறை. வசதி படைத்த ஒருவர் முழுச் செலவையும் பொறுப்பேற்பது மற்றொரு முறை. இரண்டிலும் திருவிழா நடக்கும். ஆனால் இரண்டாவது முறையில், சுருவம் எந்த ஒழுங்கையால் வரவேண்டும் என்பதில் அவருடைய சொல்லுக்கு ஒரு கனம் வந்துவிடும். அவர் வாயே திறக்காவிட்டாலும் திறந்தார் என்று ஊர் கதைக்கும்.

பொதுச் சந்தா பெரும்பாலும் வழமையான வேலைகளுக்கே போய்விடுகிறது. இரசாயனத் தொழிற்சாலைகளைப் பார்வையிடுவது, பயிற்சி கொடுப்பது, ஆய்வுகூடம் நடத்துவது என்று அவை வருடா வருடம் நடப்பவை. எங்கே, எப்போது போர் மூண்டு எவர் நச்சு வாயு வீசுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. அதற்கென்று பணம் ஒதுக்கி வைப்பதற்கு நாடுகள் இணங்குவதும் அரிது. அங்கேதான் நன்கொடை நுழைகிறது.

சிரியாவில் நடந்தது

தமஸ்கு நகரை நம் வாசகர்கள் அறிவார்கள். புனித சின்னப்பர் மனந்திரும்பியது அந்நகருக்குப் போகும் வழியிலேதான். அதன் புறநகரான கூத்தாவில் 2013 ஆகஸ்ட் 21 அதிகாலையில் சாரின் நிரப்பிய ரொக்கெட்டுகள் விழுந்தன. இறந்தவர் தொகை நூற்றுக்கணக்கில் என்று சிலரும், 1,400க்கும் அதிகம் என்று அமெரிக்க அரசும் கூறினார்கள். சுவீடன் விஞ்ஞானி ஓக்கே செல்ஸ்ட்ரொம் தலைமையிலான ஐ. நா. குழு, முந்திய சம்பவங்களை விசாரிக்க வந்து மூன்று நாட்களாகத் தமஸ்குவிலேயே தங்கியிருந்தது. இருந்தும் சில மைல் தூரம் போவதற்கு ஐந்து நாட்கள் காத்திருக்க நேர்ந்தது. 26ஆம் திகதி போகும் வழியில் முன் வாகனத்தின் மீது மறைந்திருந்தவர்கள் சுட்டார்கள். குழுவினர் திரும்பி வந்து வேறு வாகனத்தில் மீண்டும் போனார்கள். மண்ணும் இரத்தமும் எடுத்தார்கள். சாரின் பாவிக்கப்பட்டது என்பது செப்டெம்பர் 16 இல் உறுதியாயிற்று. யார் பாவித்தது என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

அதன்பின் சிரியா உடன்படிக்கையிற் சேர்ந்து 1,300 தொன் இரசாயனங்களை ஒப்புக்கொண்டது. அழிக்கும் செலவைத் தன்னால் ஏற்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. ஆயுதக்காரரே செலவை ஏற்க வேண்டும் என்ற விதி அங்கே கைவிடப்பட்டது. இதற்கென ஒரு நிதி தொடங்கப்பட்டு ஏறத்தாழ 5 கோடி யூரோ சேர்ந்தது. இந்தியாவும் இதற்குப் பணம் கொடுத்தது. டென்மார்க், நோர்வே கப்பல்கள் இரசாயனங்களை ஏற்றின. அமெரிக்கக் கப்பல் ஒன்று அவற்றில் மிகக் கொடியவற்றை மத்தியதரைக் கடலிலேயே செயலிழக்கச் செய்தது. ருஷ்யாவும் சீனாவும்கூடக் காவற் கப்பல்கள் அனுப்பின. எல்லாரும் ஒரு பக்கம் நின்று பணமும் உழைப்பும் கொடுத்த அபூர்வமான காலம் அது.

அது நீடிக்கவில்லை. குளோரின் தாக்குதல்கள் தொடர்ந்தன. 2014 ஏப்ரலில் ஹேக் நிறுவனம் உண்மை அறியும் குழு ஒன்றை அமைத்தது. மே மாதத்தில் அதன் வாகனத் தொடரணி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. 2015 ஆகஸ்டில் பாதுகாப்புச் சபை குற்றவாளியையும் இனங்காணும் கூட்டு விசாரணைக் குழு ஒன்றை நிறுவியது. கான் ஷேக்கூனில் 2017 ஏப்ரல் 4 இல் நடந்த சாரின் தாக்குதல் உட்படப் பல சம்பவங்களுக்கு அது சிரிய அரசையும், வேறு சிலவற்றுக்கு ஐ. எஸ். இயக்கத்தையும் பொறுப்பாக்கியது. அதன் ஆயுளை நீடிக்க விடாமல் 2017 ஒக்டோபர், நவெம்பர் மாதங்களில் ருஷ்யா மூன்று தடவை வீட்டோ பாவித்தது. குழு கலைந்தது.

பாதுகாப்புச் சபையின் கதவு பூட்டப்பட்டதும் நாடுகள் வேறு கதவுகளைத் தட்டின. 2016 டிசெம்பரிலேயே லீக்ரென்ஸ்ரைன் என்ற சின்னஞ்சிறு நாடும் கட்டாரும் முன்னின்று, சிரியாக் குற்றங்களின் சான்றுகளைச் சேர்த்து வைக்கும் அலுவலகம் ஒன்றுக்கு ஐ. நா. பொதுச் சபையின் அங்கீகாரத்தைப் பெற்றிருந்தன. 105 நாடுகள் ஆதரவு, 15 எதிர்ப்பு, 52 நடுநிலை. ஜெனீவாவில் அது முதலில் முழுக்க முழுக்க நன்கொடையிலேயே நடந்தது. 2020 முதல் ஐ. நா. வின் பொது வரவு செலவுக்குள் சேர்க்கப்பட்டது.

ஹேக் நகரிலும் 2018 ஜூன் 27 இல் 82க்கு 24 என்ற வாக்கில், குற்றவாளியை இனங்காணும் அதிகாரம் நிறுவனத்துக்கே கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு நவெம்பரில் சண்டை பணத்தைச் சுற்றியே நடந்தது. அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை ருஷ்யாவும் ஈரானும் எதிர்த்தன. 99க்கு 27 என்று அது நிறைவேறியது. ஒரு விசாரணையை நேரே நிறுத்த முடியாதவர்கள் அதன் பணப்பையைக் கட்டிவிட முயல்வார்கள் என்பதை இங்கே கண்டோம்.

இந்தக் குழு 2020 இல் லத்தமினா, 2021 இல் சராக்கிப், 2023 ஜனவரியில் தூமா ஆகிய இடங்களைப் பற்றி அறிக்கை விட்டு, சிரிய வான்படையின் பெயரைச் சொன்னது. தூமாவில் 2018 ஏப்ரல் 7 இல் இறந்தவர்கள் 43 பேர். 2024 இல் வந்த நான்காவது அறிக்கை மாரியா நகர்த் தாக்குதலுக்கு ஐ. எஸ். இயக்கத்தைக் குற்றஞ் சாட்டியது.

கொடுப்பவர் யார், கேட்பவர் யார்?

சிரியாவில் நடக்கும் இப்பணிகளுக்காக 2015 இல் தனியான நிதி ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. கனடா, ஜேர்மனி, பிரித்தானியா, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியன அதற்கு வழங்கியுள்ளன. நியூசிலாந்து, மொனாக்கோ போன்ற சிறிய நாடுகளும் உண்டு. பட்டியலைப் பார்த்தவுடனே தெரிவது, சிரிய அரசோடு பகைத்திருந்த நாடுகளே அதில் முன்னணியில் நின்றன என்பதுதான். தமஸ்குவும் மொஸ்கோவும் இதைச் சொல்லிக் காட்டத் தவறவில்லை. தூமா அறிக்கை பற்றி நிறுவனத்தில் முன்னர் பணியாற்றிய சிலரே மாறுபட்ட கருத்தை வெளியிட்டபோது, "பணம் கொடுத்தவர்களுக்கு வேண்டிய முடிவு" என்ற பேச்சு இன்னும் வலுத்தது.

இந்தக் குறைகூறலை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? நேர்மையாகச் சிந்தித்தால் அதில் ஒரு பாதி உண்மை. பணம் கொடுக்கும் நாடு எந்த வேலைக்கு என்று குறித்தே கொடுக்கிறது. அதனால் சில போர்கள் விசாரிக்கப்படுகின்றன, சில விசாரிக்கப்படுவதில்லை. ஒருவருக்கும் அக்கறையில்லாத ஏழை நாட்டில் நடந்த குற்றத்துக்கு நன்கொடை வராது. இது பெரிய அநீதி. மற்றப் பாதியை ஏற்பது கடினம். வெவ்வேறு நாட்டு ஆய்வுகூடங்களில், எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சோதிக்கப்படும் குப்பிக்குள் இருக்கும் நஞ்சு, செலவை யார் கொடுத்தார் என்று பார்த்து மாறுவதில்லை. அதே பணத்தில் வேலை செய்த குழு, சிரிய அரசின் எதிரியான ஐ. எஸ். இயக்கத்தையும் குற்றவாளி என்று சொல்லியிருக்கிறது. அத்தோடு, பொதுப் பணத்தில் விசாரணை நடப்பதை எதிர்த்து வாக்களித்த அரசாங்கங்கள் நன்கொடையையும் குறை சொன்னால், அவர்களுக்கு எந்தப் பணத்தில் விசாரணை வேண்டும் என்ற கேள்வி எழுகிறது.

ஆகவே என் எண்ணம் இதுதான். நன்கொடையை நிராகரிப்பது பாதிக்கப்பட்டவரைக் கைவிடுவதாகும். ஆனால் அதையே நிரந்தர வழியாக வைத்துக்கொள்வதும் தவறு. ஜெனீவா அலுவலகம் சென்ற பாதை நல்ல பாதை. முதலில் விரும்பியவர் கொடுக்க வேலை தொடங்கட்டும், பின்னர் அது எல்லாருடைய சந்தாவுக்குள்ளும் வரட்டும். நமது நாட்டின் பங்கைப் போன்ற சிறிய பங்குகளுக்கு அங்கே ஒரு மதிப்பு உண்டு. இலங்கையும் கானாவும் உருகுவேயும் பங்கு கொடுத்த விசாரணையை வல்லரசின் சூழ்ச்சி என்று சொல்வது எளிதல்ல.

சந்தா முறையும் முழுமையானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய நாடுகள் நேரத்துக்குக் கட்டுவதில்லை. 2024, 2025ஆம் ஆண்டுகளில் ஐ. நா. சபையே கடும் காசுத் தட்டுப்பாட்டால் ஆள் சேர்ப்பதையும் செலவையும் சுருக்கியது. அதன் வரவு செலவில் தங்கியிருக்கும் அலுவலகங்கள் எல்லாம் அந்த இறுக்கத்துக்குள் வந்தன. உடன்படிக்கையில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு நாடு மற்றொரு நாட்டின் மீது சந்தேகம் கொண்டால் உடனடிப் பரிசோதனை ஒன்றைக் கோரலாம். வீணாகக் கோரியது என்று கண்டால், கோரிய நாட்டிடமே செலவை அறவிடுவதா என்று நிறைவேற்றுச் சபை ஆராயலாம். நல்ல விதிதான். ஆனால் 1997 முதல் ஒரு தடவைகூட எவரும் அதைக் கோரவில்லை.

இன்னும் மீதியுள்ள வேலை

2024 டிசெம்பர் 8 இல் சிரியாவில் அசாத் ஆட்சி கவிழ்ந்தது. 2025 பெப்ரவரியில் ஹேக் நிறுவனத்தின் பணிப்பாளர் நாயகம் பெர்னாண்டோ அரியாஸ் தமஸ்கு சென்று புதிய ஆட்சியாளரைச் சந்தித்தார். முந்திய அரசு அறிவித்திருந்த இடங்களுக்கு மேலதிகமாக நூற்றுக்கு மேற்பட்ட இடங்களைப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்று நிறுவனம் கணக்கிட்டது. முன்பு அனுமதி மறுக்கப்பட்ட கதவுகள் இப்போது திறந்திருக்கின்றன. உக்ரேயினும் உதவி கேட்டது. 2024 நவெம்பரில் அங்கே போர்முனைப் பதுங்குகுழியிலிருந்து வந்த மாதிரிகளில், போரில் பாவிக்கத் தடையுள்ள கண்ணீர்ப் புகைப் பொருள் இருந்ததை நிறுவனம் உறுதி செய்தது.

சிரியாவின் அந்த நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் பல, குண்டுவீச்சில் இடிந்தவை. சிலவற்றுக்குப் போகும் பாதையில் கண்ணிவெடி புதைந்திருக்கலாம். முதலில் வழியைத் துப்புரவாக்க வேண்டும், பின்னர் மாதிரி எடுக்க வேண்டும், பழைய தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களைத் தேடிப் பேச வேண்டும். கோவைகள் மழையில் நனைந்து அழிவதற்கு முன் பிரதி எடுக்க வேண்டும். வழமையான வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு இடம் போதாது. அதனால் நிறுவனம் மீண்டும் நாடுகளிடம் நன்கொடை கேட்டிருக்கிறது.